கணினி ஏன் சுணங்குகிறது?

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

முன்னுரை

வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்னும் அதிகாரத்திலே மருத்துவனுக்கு ஒரு வரிசை முறையைச் சொல்லித் தருகிறார். நோய் இன்னதென்று முதலில் அறிய வேண்டும். அது வந்த காரணத்தை அடுத்து அறிய வேண்டும். தணிக்கும் வழியைத் தேர்ந்த பின்னரே மருந்தில் கை வைக்க வேண்டும். இந்த வரிசை மனித உடலுக்கு மட்டுமன்று, கணினிக்கும் பொருந்தும் என்பதைச் சென்ற காலாண்டுத் தேர்வு விடுமுறையில் நான் அனுபவத்தில் கண்டேன். லினக்ஸ் கணினியில் ஒரு மென்பொருள் திறக்க நெடுநேரம் ஆனால் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை, எங்கள் வீட்டில் நடந்ததைக் கொண்டே விளக்க முயல்கிறேன். தோழியர் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

லினக்ஸ் நம் வீடுகளுக்கு வந்த வழி

கணினியின் எல்லாப் பகுதிகளையும் கட்டி ஆளும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ் ஓர் இயங்குதளம், லினக்ஸ் மற்றொன்று. பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு லினக்ஸின் கருவை எழுதி வெளியிட்டார். அதற்கு முன்னரே, 1983ஆம் ஆண்டு, அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் ‘குனு’ என்னும் திட்டத்தை அறிவித்திருந்தார். எவரும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்பதே அத்திட்டத்தின் கொள்கை. இரண்டும் சேர்ந்ததால் உண்டானவைதாம் இன்றைய லினக்ஸ் வகைகள். அவற்றுள் ஒன்றான டெபியன் 1993ஆம் ஆண்டு தொடங்கியது. அந்தத் தாய்மரத்தின் கிளையாக, நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் 2007ஆம் ஆண்டு ‘பாஸ் லினக்ஸ்’ என்பதை வெளியிட்டது.

நம் மாநிலத்தில் 2011ஆம் ஆண்டு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த மேல்நிலை மாணவ மாணவியருக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. அவ்வாறு வந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளத்துப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் பாடம் நடக்கிறது. நம் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்திலும் உபுண்டு லினக்ஸ் ஒரு பகுதியாக உள்ளது. விண்டோஸ் 10க்கு வழங்கப்பட்டு வந்த வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றுவிட்டன. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11ஐ ஏற்க மாட்டா. ஆகவே, வீட்டில் பழைய மடிக்கணினி வைத்திருக்கும் நம் போன்றோருக்கு லினக்ஸைப் பேணக் கற்பது பயனுள்ள கல்வியாகும்.

எங்கள் வீட்டுச் சிக்கல்

பெரியம்மா மகள் அக்காவுக்கு 2018ஆம் ஆண்டு அவர் பிளஸ் டூ படித்தபோது இந்த மடிக்கணினி கிடைத்தது. நினைவகம் 4 ஜிபி. வன்தட்டு 500 ஜிபி. வேலை கிடைத்து வெளியூர் செல்லும்போது அக்கா அதில் புதிய டெபியனை ஏற்றி, “படிக்கவும் பயன்படும், சித்திக்குக் கணக்கு எழுதவும் பயன்படும்” என்று எங்களிடம் கொடுத்தார்.

அம்மா எங்கள் தெரு மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவர். குழுவில் 15 பேர். யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்கு எவ்வளவு கடன் நிற்கிறது என்பதெல்லாம் லிப்ரே ஆபீஸ் என்னும் மென்பொருளின் கணக்கேட்டில் இருக்கின்றன. ஆகஸ்டு மாதத்தில் அந்த ஏடு திறப்பதற்கு ஒரு நிமிடம் வரை ஆகத் தொடங்கியது. கூட்டத்தன்று பெண்கள் திண்ணையில் காத்திருக்க, அம்மா வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் பொறுமை இழந்து மூன்று முறை தட்டியதில் மூன்று முறை திறந்து, ஒரு மாத வரவு அழிந்துவிட்டது. அம்மா நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைத்திருந்ததால் தப்பினார்.

பழுது பார்க்கும் கடையொன்றில் கொண்டுபோய்க் காட்டினோம். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “மதர்போர்டு போச்சு. இதுல காசு போடாதீங்க, பழைய மிஷின் ஒண்ணு 14,000 ரூபாய்க்குத் தர்றேன்” என்றார்கள். அம்மாவிடம் சீட்டு எடுத்த பணம் 15,000 ரூபாய் இருந்தது. அது என் பிளஸ் ஒன் சேர்க்கைக்கும் புத்தகத்துக்குமாக வைத்திருந்த பணம். “கணக்குல குளறுபடி வந்தா பதினஞ்சு பேருக்கு நான் பதில் சொல்லணும். உன் படிப்புக்கு வேற வழி பாத்துக்கலாம்” என்று அம்மா சொன்னபோது எனக்கு இரவு உறக்கம் வரவில்லை.

தாத்தா சொன்ன பாடம்

எங்கள் தாத்தா சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால் பாசனத்தில் நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர். கணினியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் முகம் வாடி இருப்பதைக் கண்டு விவரம் கேட்டார், சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“ஏளா, கடைமடைக்குத் தண்ணி வரலன்னா மூணு காரணம் உண்டு. ஒண்ணு, ஆத்துல தண்ணி இல்ல. ரெண்டு, காலு தூந்து கெடக்கு. மூணு, எவனோ மடைய அடச்சுட்டுப் போயிட்டான். மூணுக்கும் மூணு வைத்தியம். மடை அடச்சுக் கெடக்கையில காலத் தூர்வாரி என்ன பிரயோசனம்? முதல்ல நடந்து போயி பாக்கணும். எடுத்த எடுப்புல மம்பட்டியத் தூக்கக் கூடாது.”

மறுநாள் பள்ளியில் எங்கள் கணினி ஆசிரியை சிஸ்டரிடம் கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை. இரண்டு கேள்விகளைக் கேட்டார். “எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்தாயா? எல்லா நேரமும் சுணங்குகிறதா, சில நேரம் மட்டுமா?” இரண்டுக்கும் என்னிடம் விடை இல்லை. ‘ரொம்ப நேரம்’ என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாதிருந்தது.

மென்பொருள் திறக்கும்போது நடப்பது என்ன?

காரணத்தைத் தேடுமுன் நடப்பதை அறிதல் நலம். நாம் படத்தைத் தட்டியதும் இயங்குதளம் அந்த மென்பொருளை வன்தட்டில் தேடி எடுத்து நினைவகத்தில் வைக்கிறது. அதற்குத் துணையான பொது நிரல்கள், எழுத்துருக்கள், நாம் செய்து வைத்த அமைப்புகள் எனச் சில நூறு கோப்புகளும் எடுக்கப்படுகின்றன. பிறகு மென்பொருள் கணினியின் மற்றப் பகுதிகளிடம் சில கேள்விகளைக் கேட்கிறது: திரை எவ்வளவு அகலம்? இந்தக் கணினியின் பெயர் என்ன? எல்லாவற்றுக்கும் பதில் வந்த பிறகே சன்னல் திறக்கிறது.

வன்தட்டு என்பது வீட்டுப் பரண் போன்றது. நினைவகம் சமையல் மேடை போன்றது. பரணில் நிறையப் பொருள் வைக்கலாம், ஆனால் ஏறி எடுக்க நேரமாகும். மேடையில் இடம் குறைவு, ஆனால் கைக்கெட்டும் தூரம். எங்கள் மடிக்கணினியின் வன்தட்டு நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்வது; அதாவது வினாடிக்கு 90 சுற்று. வேண்டிய இடம் முள்ளின் கீழ் வரச் சராசரியாக அரைச் சுற்றாவது காத்திருக்க வேண்டும். அதற்கே ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஐந்தரைப் பங்கு ஆகும். முள் நகரும் நேரம் தனி. ஒரு கோப்புக்கு இது சிறிது. ஆயிரம் முறை எடுத்தால் பல வினாடிகள். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி என்னும் புதுவகைச் சேமிப்பகத்துக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. அதனால்தான் அது பன்மடங்கு விரைவானது.

இன்னொன்றையும் இங்கே அறிய வேண்டும். ஒருமுறை பரணிலிருந்து இறக்கிய பொருளை, மேடையில் இடம் உள்ளவரை லினக்ஸ் திரும்ப ஏற்றுவதில்லை. ஆகவே ஒரு மென்பொருளை மூடிவிட்டு உடனே மறுபடி திறந்தால் அது விரைவாகத் திறக்க வேண்டும். இரண்டாம் முறையும் நெடுநேரம் ஆனால் குற்றம் வன்தட்டின் மேல் இல்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். காசு செலவில்லாத மிக எளிய சோதனை இது.

முதற்படி: அளந்து பார்த்தல்

அன்று மாலை கடிகாரத்தை வைத்துக்கொண்டு அம்மாவின் கணக்கேட்டைத் திறந்து அளந்தேன். கணினியைப் போட்டவுடன் முதல் முறை 58 வினாடி. மூடிவிட்டு இரண்டாம் முறை 29 வினாடி. மூன்றாம் முறையும் 29 வினாடி.

மறுநாள் காலை அளந்தபோது முதல் முறை 38 வினாடி. இரண்டாம் முறை 9 வினாடி!

நான் எதையும் மாற்றவில்லை. அதே கணினி, அதே ஏடு. மாலையில் ஏதோ ஒன்று சரியாக 20 வினாடியைக் கூட்டுகிறது, காலையில் கூட்டவில்லை. சிஸ்டர் கேட்ட கேள்வியின் அருமை அப்போதுதான் விளங்கிற்று. மதர்போர்டு பழுதானால் காலை மாலை என்று பார்த்தா பழுதாகும்?

இரண்டாம் படி: மூன்று வகைத் தாமதம்

லினக்ஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கரும்பலகை போன்ற சன்னலுக்கு டெர்மினல் என்று பெயர். அதில் ‘டாப்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால், கணினி அந்த நேரத்தில் என்ன செய்கிறது என்பது பட்டியலாக ஓடும். மேலே உள்ள வரிகளுள் ஒன்றில் சில நூற்றுவீதங்கள் தெரியும். அவற்றுள் மூன்றைக் கவனித்தால் போதும்.

1. ‘யுஎஸ்’ என்னும் எண் மிக உயர்ந்திருந்தால் பிராசசர் முழு மூச்சாக வேலை செய்கிறது. வேலை அதற்கு மிஞ்சியது. தாத்தா சொன்னபடி இது ஆற்றில் தண்ணீர் குறைந்த நிலை.

2. ‘டபிள்யூஏ’ என்னும் எண் உயர்ந்திருந்தால் பிராசசர் சும்மா இருக்கிறது. வன்தட்டிலிருந்து சரக்கு வரவில்லை. இது கால் தூர்ந்த நிலை.

3. ‘ஐடி’ என்னும் எண் 90க்கு மேல் நின்று, மென்பொருளும் திறக்காமல் இருந்தால், பிராசசரும் சும்மா இருக்கிறது, தட்டும் சும்மா இருக்கிறது. மென்பொருள் யாரிடமோ கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிறது. இது மடை அடைபட்ட நிலை.

மாலையில் ஏட்டைத் திறந்துவிட்டு இந்த எண்களைப் பார்த்தேன். முதல் சில வினாடிகள் ‘டபிள்யூஏ’ ஏறியது. பிறகு எல்லாம் அடங்கி ‘ஐடி’ 95ஐத் தொட்டு நின்றது. தட்டு ஓடும் விளக்கும் அணைந்துவிட்டது. சன்னலோ திறக்கவில்லை. எங்கள் கணினி நோயாளி அன்று. வாசலில் நின்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது! யாரை?

மூன்றாம் படி: காரணம் அகப்பட்டது

காலைக்கும் மாலைக்கும் என்ன வேற்றுமை என்று யோசித்தேன். காலையில் அப்பா கைப்பேசியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். மாலையில் அவர் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினி தானாகவே இணைந்துவிடும். ஆனால் அதற்குள் தம்பி படம் பார்த்து அன்றைய டேட்டாவைத் தீர்த்திருப்பான். அதாவது மாலையில் இணைப்பு உண்டு, ஆனால் அதன் வழியே ஒன்றும் வராது. காலையில் இணைப்பே இல்லை. இணைப்பு இல்லாதபோது விரைவு. பயனற்ற இணைப்பு இருக்கும்போது தாமதம்.

அம்மாவின் கணக்கேடு எங்கள் வன்தட்டில்தானே இருக்கிறது, அதைத் திறக்க இணையம் எதற்கு? இந்தக் கேள்விக்கு விடை எதிர்பாராமல் கிடைத்தது. வேறொரு வேலைக்காக டெர்மினலில் ‘சூடோ’ என்னும் கட்டளையைத் தட்டினேன். நிருவாகியின் அதிகாரத்தோடு ஒன்றைச் செய்ய உதவும் கட்டளை அது. அதுவும் சிறிது நேரம் நின்று, பிறகு ‘பொதிகை என்னும் கணினியைக் கண்டறிய இயலவில்லை’ என்ற பொருளில் ஒரு வரியைக் காட்டியது.

அந்த வரியைப் படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. ஏனென்றால் பொதிகை என்பது நான் வைத்த பெயர்!

லினக்ஸ் கணினி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. அக்கா தன் பெயரையே அதற்கு வைத்திருந்தார். இனி இது என்னுடையது என்ற பெருமையில் ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் நான் அதைப் பொதிகை என்று மாற்றினேன். டெபியனில் இந்தப் பெயர் இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருக்கும். இரண்டுமே ‘இடிசி’ என்னும் அடைவில் உள்ளவை. ‘ஹோஸ்ட்நேம்’ என்னும் கோப்பில் ‘என் பெயர் இது’ என்று இருக்கும். ‘ஹோஸ்ட்ஸ்’ என்னும் கோப்பில் ‘இந்தப் பெயருக்கு உரியவன் நானே’ என்ற பொருளில், 127.0.1.1 என்ற எண்ணுக்கு எதிரே அதே பெயர் இருக்கும். 127 என்று தொடங்கும் முகவரிகள் யாவும் கணினி தன்னைத்தானே சுட்டிக்கொள்ளும் முகவரிகள். நான் முதற்கோப்பை மட்டும் மாற்றினேன், இரண்டாவதை மறந்தேன். அதில் அக்காவின் பெயரே இருந்தது.

ஒரே ஏட்டை இருவர் ஒரே நேரத்தில் திருத்தாதிருக்க, லிப்ரே ஆபீஸ் ஏட்டைத் திறக்கும்போது பூட்டுக் கோப்பு ஒன்றை உண்டாக்குகிறது. யார், எந்தக் கணினியில் திறந்திருக்கிறார் என்பதை அதில் எழுதுகிறது. அதற்காகக் கணினியின் பெயரை விசாரிக்கிறது. வீட்டுக்குள் இருந்த ஹோஸ்ட்ஸ் கோப்பில் பொதிகை இல்லை. எனவே ‘பொதிகை எங்கே?’ என்ற கேள்வி இணையத்தில் உள்ள பெயர்ப் பதிவேட்டுக்கு அனுப்பப்பட்டது. அப்பாவின் கைப்பேசியோ டேட்டா இல்லாமல் ஊமையாக இருந்தது. பதில் வராவிட்டால் 5 வினாடி காத்திருப்பதும், மறுமுறை கேட்டு இன்னும் 5 வினாடி காத்திருப்பதும் லினக்ஸின் வழக்கம். ஒரு விசாரணைக்கு 10 வினாடி. இரண்டு விசாரணைக்கு 20 வினாடி. என் கடிகாரம் காட்டிய கணக்கும் அதுவே! காலையில் இணைப்பே இல்லாததால், கேட்க ஆளில்லை என்று உடனே தெரிந்துவிட்டது, காத்திருக்க நேரவில்லை.

தன் பெயரைத் தானே அறியாமல் ஊரெல்லாம் கேட்டு நின்றது எங்கள் கணினி. மடையை அடைத்துவிட்டுப் போனவள் நான்தான்.

நான்காம் படி: மருந்தும் மறு சோதனையும்

முதலில் ஹோஸ்ட்ஸ் கோப்புக்கு ஒரு படி எடுத்து வைத்தேன். கை தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப வழி வேண்டும் அல்லவா? பிறகு சூடோ அதிகாரத்தோடு ‘நானோ’ என்னும் எழுதியில் அக்கோப்பைத் திறந்து, 127.0.1.1க்கு எதிரே அக்காவின் பெயரை எடுத்துவிட்டுப் பொதிகை என்று எழுதிச் சேமித்தேன். ஹோஸ்ட்நேம் கோப்பில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒரு வரி, ஒரு சொல்.

அன்று மாலை, டேட்டா தீர்ந்த ஹாட்ஸ்பாட்டில் இணைந்திருக்கும்போதே அளந்தேன். முதல் முறை 38. இரண்டாம் முறை 9. இருபது வினாடி மறைந்துவிட்டது. இது தற்செயலாக இருக்குமோ என்று ஐயுற்றுப் பழைய வரியை மீண்டும் போட்டுப் பார்த்தேன்: 29. சரி செய்தேன்: 9. அறிவியல் ஆசிரியை அடிக்கடி சொல்வதுபோல, நோயை நீக்கியும் திரும்பக் கொணர்ந்தும் பார்த்தால்தான் காரணம் உறுதியாகிறது.

மீதமிருந்த சுணக்கம்

முதல் முறை 38 வினாடி என்பதும் அதிகமே. இங்கே ‘டபிள்யூஏ’ உயர்ந்திருந்ததால் இது கால் தூர்ந்த வகை. நாங்கள் பயன்படுத்தும் எக்ஸ்எஃப்சிஇ திரையில் அமைப்புகளுக்குள், கணினி தொடங்கும்போது தானாகவே தொடங்கும் மென்பொருள்களின் பட்டியல் இருக்கிறது. பார்த்தால், நாங்கள் தொடாத பலவும் காலையிலேயே எழுந்து வன்தட்டை மொய்த்துக்கொண்டிருந்தன. புளூடூத், அரட்டைச் செயலி போன்ற நான்கின் குறியை எடுத்தேன். ஆனால் தோழியரே, கண்ட குறியையெல்லாம் எடுக்காதீர்கள்! தமிழ்த் தட்டச்சுக்கு உதவும் ‘ஐபஸ்’ அந்தப் பட்டியலில்தான் இருந்தது. அதை எடுத்திருந்தால் அம்மாவால் குழுவினர் பெயர்களைத் தமிழில் எழுத முடியாமல் போயிருக்கும். இன்னதென்று தெரியாததைத் தொடாதிருப்பதே நன்று. இதன்பின் முதல் முறை திறப்பது 24 வினாடிக்கு வந்தது.

‘ஃப்ரீ’ என்னும் கட்டளையால் நினைவகத்தையும் பார்த்தேன். அதில் ‘ஃப்ரீ’ என்ற பத்தியில் மிகச் சிறிய எண் இருக்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. முன்னர் சொன்னபடி, வெறுமனே கிடக்கும் மேடையில் லினக்ஸ் பொருள்களைப் பரப்பி வைத்திருக்கிறது. தேவையென்றால் உடனே ஒதுக்கித் தரும். பார்க்க வேண்டியது ‘அவைலபிள்’ என்னும் கடைசிப் பத்தி. அது மிகக் குறைந்து, ‘ஸ்வாப்’ என்னும் வரி ஏறிக்கொண்டே போனால், மேடை நிரம்பிப் பொருள்களைப் பரணுக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நான் உலாவியில் பன்னிரண்டு பக்கங்களைத் திறந்து வைத்திருந்த நாளில் அப்படித்தான் ஆனது. பக்கங்களை மூடியதும் சரியானது.

‘டிஎஃப்’ கட்டளை தட்டில் இடம் போதிய அளவு இருப்பதைக் காட்டியது. இடம் முழுவதும் நிரம்பிவிட்டாலும் மென்பொருள்கள் தடுமாறும். கடைசியாக, ‘ஸ்மார்ட்’ என்னும் சோதனையால் வன்தட்டின் உடல்நிலையைப் பார்த்தேன். தேர்ச்சி என்றே வந்தது. ஆனாலும் வயதான தட்டு ஆதலால் அம்மாவின் கணக்கேட்டை வாரந்தோறும் பென்டிரைவில் படி எடுத்து வைக்கிறோம். தட்டில் படிக்க இயலாத பிழைகள் தென்பட்டால், வேறு எதையும் செய்யுமுன் கோப்புகளைக் காப்பாற்றுவதே முதல் வேலை.

தோழியருக்கு ஒரு வரிசை முறை

உங்கள் வீட்டு லினக்ஸ் கணினியில் மென்பொருள் திறக்கச் சுணங்கினால் பின்வரும் ஒழுங்கில் பாருங்கள்.

1. கடிகாரம் வைத்து அளந்து தாளில் எழுதுங்கள். முதல் முறை, இரண்டாம் முறை இரண்டையும் எழுதுங்கள்.

2. எல்லா மென்பொருளும் சுணங்குகிறதா, ஒன்று மட்டுமா? எந்நேரமுமா, சில நேரமா? அண்மையில் எதை மாற்றினீர்கள்?

3. டாப் கட்டளையில் யுஎஸ், டபிள்யூஏ, ஐடி மூன்றில் எது உயர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

4. யுஎஸ் உயர்ந்தால், எந்த மென்பொருள் அவ்வளவு உழைக்கிறது என்று அதே பட்டியலில் பார்த்து, வேண்டாததை மூடுங்கள்.

5. டபிள்யூஏ உயர்ந்தால் தானாகத் தொடங்குபவை, நினைவகம், ஸ்வாப், தட்டின் இடம், தட்டின் உடல்நிலை ஆகியவற்றைப் பாருங்கள். எஸ்எஸ்டி மாற்றுவது இவ்வகைச் சுணக்கத்துக்கே பெருமருந்து.

6. ஐடி உயர்ந்து 5, 10, 20 போன்ற ஒழுங்கான வினாடிகள் வீணானால் ஏதோ ஒரு பதிலுக்குக் காத்திருக்கிறது. இணைப்பைத் துண்டித்து அளந்து பாருங்கள். கணினியின் பெயர் இரு கோப்புகளிலும் ஒன்றாக உள்ளதா என்று பாருங்கள்.

7. மென்பொருளைப் படத்தைத் தட்டித் திறக்காமல், டெர்மினலில் அதன் பெயரைத் தட்டித் திறந்து பாருங்கள். அது முணுமுணுக்கும் பிழைச் செய்திகள் அங்கே கண்ணுக்குத் தெரியும்.

8. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். மாற்றுமுன் படி எடுங்கள். மாற்றியபின் மறுபடி அளந்து பாருங்கள்.

முடிவுரை

14,000 ரூபாய் கொடுத்து வேறு கணினி வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். சுணக்கம் தீர்ந்திருக்கும், மதர்போர்டுதான் காரணம் என்று நாங்களும் நம்பியிருப்போம், நல்ல மடிக்கணினி பழைய இரும்புக்குப் போயிருக்கும், என் படிப்புக்கான பணமும் போயிருக்கும். கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் அளந்து பார்க்கவில்லை; அளந்து பார்க்கும்படி நாங்களும் கேட்கவில்லை. ‘மெதுவாக இருக்கிறது’ என்று மட்டும் சொன்னோம். கேள்வி தெளிவாக இல்லாதபோது விடை எப்படித் தெளிவாக வரும்?

நடந்ததை அக்காவிடம் தொலைபேசியில் சொல்லி, தவறு என்னுடையதே என்று ஒத்துக்கொண்டேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, “பேர மாத்துனவ வீட்டுக்குள்ளயாவது சொல்லியிருக்க வேண்டாமாட்டி?” என்றார். அம்மா சிரிக்கவில்லை. சீட்டுப் பணத்தை எடுத்து மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அக்டோபர் மாதக் கூட்டத்தன்று பெண்கள் திண்ணையில் வந்து அமர்ந்தார்கள். அம்மா ஏட்டைத் திறந்தார். தாத்தா பக்கத்தில் நாற்காலியில் இருந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு திறந்ததும், “என்னளா, மடை தெறந்துட்டு போலுக்கே” என்றார்.

பொருள் பழையதாகிவிட்டால் அதைத் தூக்கி எறியுமுன், அது எங்கே நிற்கிறது, எதற்காக நிற்கிறது என்று ஒருமுறை நடந்துபோய்ப் பார்ப்போம், தோழியரே! மண்வெட்டியைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.